பாவாடை அண்ணன் கை வைக்காத வாரம்

எங்கள் பக்கத்தில் பாவாடை என்பது ஆம்பளைப் பெயர். அங்காளம்மன் கோயிலில் காவல் நிற்கும் பாவாடைராயனுக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பெயர். ஊருக்கு நாலு பாவாடை இருப்பார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்குத்தான் முதல் நாள் சிரிப்பு தாங்காது. ஒர்க்‌ஷாப் கதவில் 'டெக்னீசியன்: வீ. பாவாடை' என்று எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதே பிள்ளைகள் அந்தக் கதவுக்கு வெளியே, உடைந்த அட்டையும் ஒட்டாத சுவருமாக நின்றுகொண்டு, "பாவாடை அண்ணா, பாவாடை அண்ணா" என்று உருகுவார்கள்.

நான் அருள்மொழி. ஒர்க்‌ஷாப்புக்கு எதிர் அறையில், பெரிய வரைபடங்களை அச்சடிக்கும் மிஷினைக் கட்டி மேய்ப்பவள். எங்களுடையது கட்டடக்கலைக் கல்லூரி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. வாத்தியார்கள் கட்டடம் வரையச் சொல்லித் தருவார்கள். வரைந்ததை நான் அச்சடித்துத் தருவேன். அதையே அட்டையிலும் மரத்திலும் சின்னதாகச் செய்து பார்க்கிற இடம்தான் ஒர்க்‌ஷாப். அந்தச் சின்னக் கட்டடத்துக்குப் பெயர் மாடல். கல்லூரியின் இணையதளத்தில் 'வசதிகள்' என்கிற பக்கத்தில் என் மிஷினுக்கு முழுப் படம் போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் தெரிகிற முழங்கை என்னுடையது. ஒர்க்‌ஷாப்பின் ரம்ப மிஷினுக்கும் படம் உண்டு. பாவாடை அண்ணனுக்கு முழங்கைகூட இல்லை.

இதைச் சொல்லி நான் பொருமினால் அவர் சிரிப்பார்.

"மிஷினு துட்டு குடுத்து வாங்கினது அருளு. அதான் போட்டோ புடிச்சி வெச்சிக்கினாங்க. நாம சும்மா வந்தவங்கதானே?"

எனக்கு வருகிற கோபத்தில் பாதி அவருக்கு வந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் எப்போதோ நல்லது நடந்திருக்கும். அந்த மனிதருக்குக் கோபமே வராது. ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு நிம்மதியாக ஒரு ஆள் இருப்பதைப் பார்த்தால் சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவருடைய அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. படிப்பு பாதியில் நின்றதும் உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மரவேலைக்குப் போனார். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற பலகைகளோடு மல்லுக்கட்டியே இளமை போனது. எங்கள் கல்லூரி கட்டும்போது கதவு நிலை வைக்க வந்தார். பிறகு பெஞ்சு அடித்தார், வரைபலகை செய்தார். வேலை முடிந்தது, ஆள் போகவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, நீயே இருந்துவிடு என்று அப்போதிருந்த பிரின்சிபால் சொல்லிவிட்டார். லாரிப் பலகை அறுத்த கை, தீக்குச்சி பருமனில் ஜன்னல் கம்பி அறுக்க ஆரம்பித்தது. எப்படிப் பழகிக்கொண்டார் என்று கேட்டால், "பெருசா தெரிஞ்சவனுக்கு சிறுசு கஷ்டமா? கண்ணாடி மாட்டிக்கினா போதும்" என்பார்.

மதியம் காசியம்மாள் அண்ணி கட்டிக் கொடுத்த சோற்றை ரம்ப மிஷின் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு, பிள்ளைகள் செய்து போட்டிருக்கிற மாடல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, வாசல் வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். "இந்த வூட்ல காத்து நல்லா வரும்," "இது வாணாம், சமையக்கட்டுலயே பொழுது போய்டும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார். யாருக்கும் அந்தத் தீர்ப்பு தேவையில்லை, அவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. கையை அடக்கத் தெரியாது. ஒரு பிள்ளை கட்டரை எடுத்து அட்டையின் மேல் வைத்து ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், "குடு கண்ணு" என்று வாங்கிவிடுவார். வெட்டித் தந்துவிட்டு, "இப்டி வெட்டணும், பாத்துக்கினியா?" என்பார். பார்த்துக்கொண்ட பிள்ளை அடுத்த முறையும் அவரிடமே வந்து நிற்கும். வாத்தியார்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மாடல் அழகாக வந்தால் அவர்களுக்கும் பெருமைதான். கல்லூரி விளம்பரத் தாளில் வருஷா வருஷம் வரும் மாடல் படங்களில் பாதி அவர் கைவேலை என்பது காவல்காரர் வரைக்கும் தெரியும்.

அதிலும் இலக்கியா என்கிற பெண்ணுக்கு அவர் செய்ததுதான் உச்சம். இலக்கியாவின் அப்பா உளுந்தூர்பேட்டை பைபாஸில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். பட்டறை நாள்களில் பாவாடை அண்ணன் சாப்பிட்டது அந்தக் கடையில்தான். மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்றைக்கு அவர், "நீ இருக்கறங்கற தைரியத்துலதான் வுட்டுட்டுப் போறேன், பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தப் பெண் அவர் கண்ணுக்குள்ளேயே இருந்தாள்.

முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் முதல் வகுப்பு. எல்லோருக்கும் கட்டர் கொடுக்கிறார். இலக்கியா இடது கையை நீட்டினாள். பாவாடை அண்ணன் கொடுக்கவில்லை.

"பீச்சாங்கையில ஆயுதம் வாங்கக் கூடாது பாப்பா. சோத்துக்கைய நீட்டு."

அவர் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கட்டருக்கும் ஸ்கேலுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஆள். பூஜை போட்ட சாமானை இடது கையில் கொடுக்க அவருக்கு மனசு வராது. அவளும் மறுபேச்சு இல்லாமல் வலது கையில் வாங்கினாள். வலது கையிலேயே வெட்டினாள். அடுத்த வாரமே கட்டர் வழுக்கி விரலில் இறங்கியது. தையல் போடுகிற அளவுக்குக் காயம். மயங்கி விழப் பார்த்தவர் பாவாடை அண்ணன்தான், அவள் நன்றாகவே இருந்தாள். அதற்குப் பிறகு அவளைக் கட்டர் தொடவே விடவில்லை. வரைந்து எடுத்துக்கொண்டு வருவாள், இவர் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார். வெட்ட வராத பெண் என்று கல்லூரி முழுக்க அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. அவளும் அதை நம்பிவிட்டாள்.

இந்த வருஷம் அவர்கள் மூன்றாம் ஆண்டு. கரியாலூரில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி வரையச் சொல்லியிருந்தார்கள். இடம் பார்க்கக் கல்வராயன் மலைக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். மேடு பள்ளம் அளக்கிற கருவியைத் தூக்க பாவாடை அண்ணன், போட்டோ எடுக்க நான். வளைவுக்கு வளைவு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், பாவாடை அண்ணன் எலுமிச்சம்பழம் நறுக்கி நறுக்கிக் கொடுத்தார். இடம் சரியான சரிவு. சரிவு என்றால் படிக்கட்டு வேண்டும். எந்த மாடலிலும் உயிரை எடுக்கிற வேலை படிக்கட்டுதான். இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு கீற்று வைத்து, நடுவில் நகத்தளவு படிகளை வரிசையாக ஒட்ட வேண்டும். அன்று இறங்கும்போதே பிள்ளைகள் எல்லாம் பாவாடை அண்ணனின் முகத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். அவருக்கும் உள்ளூரக் குஷிதான்.

மதிப்பெண் போட ஜூரி நாள் வந்தது. பிள்ளைகள் வரைபடத்தையும் மாடலையும் வைத்துக்கொண்டு நிற்பார்கள், வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்பார். இந்த முறை வந்தவர் புதுச்சேரிக்காரர், வயசானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். முதலில் நின்ற சுபாஷின் மாடலைக் குனிந்து பார்த்தார்.

"வரைபடத்துல எல்லாப் படியும் ஒரே அகலம். மாடல்ல கீழ்ப்படி மட்டும் ஏன் அகலமா இருக்கு?"

சுபாஷ் திருதிருவென்று விழித்தான். ஆனால் வாய் உள்ள பிள்ளை.

"மலைல இருக்கறவங்க தலைச்சுமையோட வருவாங்க சார். ஏறறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு மூச்சு வாங்கறதுக்காக."

தேர்வாளர் தலையை ஆட்டினார். அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்தது சந்தோஷ். அவன் மாடலிலும் கீழ்ப்படி அகலம். மழைத்தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதற்காக என்றான் அவன். அடுத்து நின்ற பெண், வருகிறவர்களை வரவேற்கிற உணர்வு என்றாள். அதற்கடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் தேர்வாளர் அவனைக் கையமர்த்திவிட்டு, மற்ற மேசைகளை எல்லாம் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். எல்லா மாடலிலும் கீழ்ப்படி அகலம். அதுவும் ஒரே அகலம். வகுப்பு மேடத்தைப் பார்த்தார். மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

பாவாடை அண்ணன் எங்கே இருந்தார் என்கிறீர்கள்? வாசலிலேயே, கையில் பசை டப்பாவோடு. ஏதாவது மாடல் பெயர்ந்துகொண்டால் ஓடிப்போய் ஒட்டுவதற்காக நின்றிருந்தார். யாருக்குமே பதில் தெரியவில்லையே என்று அவருக்குத் தாங்கவில்லை.

"அது பசைக்குங்க சார்," என்றார்.

"என்னது?"

"கீழ்ப்படி அகலமா இருந்தாத்தாங்க அடி அட்டையில பசை நல்லாப் புடிக்கும். இல்லாட்டி தூக்கறப்ப பேத்துக்கினு வந்துடும்."

 நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"அப்ப இத்தனை படிக்கட்டும் நீங்க பண்ணினதா?" என்றார் தேர்வாளர்.

அப்போதாவது அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.

"படி மட்டும் இல்லீங்க சார். சன்னலும் நான்தான்."

யாருக்கும் மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார் தேர்வாளர். ஆனால் நல்ல மனிதர், கதவை முழுக்கச் சாத்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை திரும்ப வருவதாகச் சொன்னார். அதற்குள் ஒவ்வொருவரும் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து தங்கள் கையாலேயே புது மாடல் செய்ய வேண்டும். இந்த ஆளின் கை பட்ட மாடல் ஒன்று இருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு அந்த செமஸ்டர் போச்சு. பிரின்சிபால் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பாவாடை ஒர்க்‌ஷாப்பில் இருக்க முடியாது, ஹாஸ்டல் மோட்டார் ரூமுக்கு மாற்றிவிடுவேன் என்றார். வருஷா வருஷம் அந்த மாடல்களை விளம்பரத்தில் போட்டபோது இவர் எங்கே போயிருந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் வேலையும் அதே கையில்தான் இருந்தது.

பாவாடை அண்ணன் ஒர்க்‌ஷாப் சாவியைப் பிரின்சிபாலிடம் கொடுத்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அவர் என் அறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.  அவருக்கு ஒர்க்‌ஷாப்தான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். மரத்தூள் வாசம் இல்லாத இடத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"மத்ததுங்க எப்டியாவது ஒட்டிக்கினு வந்துடுங்க அருளு. அந்தப் பாப்பா இன்னா பண்ணும்? அதுக்குக் கை வராதே. திரும்ப வெட்டிக்கினா அவங்கப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"நீங்க எழுந்து போனீங்கன்னா அவ படிப்பும் போகும், உங்க எடமும் போகும். பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆனால் கை உட்காரவில்லை. நான் அச்சடித்துப் போட்ட தாள்களின் ஓரங்களை எல்லாம் கத்தரித்தார். கத்தரிக்கக் கூடாத ஓரத்தையும் கத்தரித்தார். என்னிடம் அச்செடுக்க வந்த பிள்ளைகளிடம், "ஸ்கேல நல்லா அழுத்திப் புடிச்சிக்கினியா? ஒரே இழுப்புல வெட்டாத, மூணு நாலு இழுப்புல வெட்டு" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். நான் திரும்பி முறைத்தால் மேலே பார்ப்பார். பிள்ளைகளும் வேண்டுமென்றே வந்தார்கள். அச்செடுக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எப்டி இருக்கீங்கண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இலக்கியா மட்டும் வரவில்லை.

வாரத்தின் நடுவில் காசியம்மாள் அண்ணி அவரை லீவு போடச் சொல்லி வெள்ளிமலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாமை வாங்கிய மாதிரியும் ஆச்சு, மனசு மாறின மாதிரியும் ஆச்சு என்று அவளுக்கு எண்ணம். மறுநாள் சாமையில் எனக்கும் ஒரு பங்கு கொண்டு வந்து கொடுத்தாள். வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இந்த மனுசன கூட்டிக்கினு எங்கயும் போவக் கூடாது அருளு. ஜீப்ல எடம் கெடைக்காம பஸ்ஸுல நின்னுக்கினே போனோம். அங்க போய் எறங்கினா, கடைக்காரன் வூட்டுப் படிக்கட்டப் பாத்துக்கினே நிக்கறாரு. நான் சாமை அளந்துக்கினு இருக்கேன், இவுரு படியத் தடவிக்கினு இருக்காரு. அந்தக் கடைக்காரன் என்னைத் தனியா கூப்ட்டு, இவருக்கு ஒடம்பு எதுனா சரியில்லையான்னு கேக்கறான்!"

"வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டீங்களா?"

"பின்ன? பாப்பா இன்னா பண்ணுதோ, பாப்பா இன்னா பண்ணுதோன்னு மலை எறங்கற வரைக்கும் இதே பாட்டு."

அவளை அனுப்பிவிட்டு, பாவாடை அண்ணன் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து ஒர்க்‌ஷாப் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரே களேபரம். சுபாஷின் சட்டை முழுக்கப் பசை. சந்தோஷின் சுவர் ஒன்று கோணலாக நின்றது, அதற்கு அவன் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூலையில் இலக்கியா தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டரைப் பிடித்து, அட்டையின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து. கோடு ஒரு பக்கம் இருந்தது, கட்டர் ஒரு பக்கம் போனது. பார்க்கப் பாவமாக இருந்தது. நானே உள்ளே போய் வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போல.

அப்போது அவள் கட்டரைக் கீழே போட்டாள். எழுந்து கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். யாரும் இல்லை. அட்டையை அப்படியே மறுபக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கட்டரை இடது கையில் எடுத்தாள். அப்பா கடையில் வெங்காயம் அரிகிற பெண் அவள். சமையல்கட்டில் யார் பார்க்கிறார்கள், எந்தக் கை வாகோ அந்தக் கையில் அரிந்து பழகியிருக்கிறாள். கட்டர் அட்டையில் இறங்கிய சத்தம் ஜன்னல் வரைக்கும் கேட்டது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. கீற்று தனியாக வந்து விழுந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

நான் இதைப் பாவாடை அண்ணனிடம் சொல்லவில்லை. பீச்சாங்கையில் கட்டர் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தால் மனிதர் ஓடியே போயிருப்பார்.

திங்கட்கிழமை தேர்வாளர் வந்தார். மேசைகளைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. எந்தச் சுவரும் நேராக நிற்கவில்லை. பசை நூல் நூலாகத் தொங்கியது. சுபாஷின் படிக்கட்டு பாதி தூரம் ஏறிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. "ஏன் இங்க ஜன்னல் இல்ல?" என்றால், "வெட்டும்போது அட்டை கிழிஞ்சிடுச்சி சார், அதான் அந்தப் பக்கம் மாத்திட்டேன், இப்ப காத்து இப்டி வரும்" என்றார்கள். தேர்வாளருக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வாசலில் நானும் பாவாடை அண்ணனும் நின்றிருந்தோம். அவர் கையில் இந்த முறை பசை டப்பா இல்லை. பிரின்சிபால் முன்னாலேயே எச்சரித்திருந்தார்.

கடைசியாக இலக்கியாவின் மேசை. தேர்வாளர் நின்றுவிட்டார். சுத்தமான வெட்டு. படிகள் எல்லாம் ஒரே சீராக ஏறின, ஜன்னல் மூலைகள் கூர்மையாக இருந்தன.

"எல்லாருடையதும் ஒரு மாதிரி இருக்கு. உன்னுது மட்டும் எப்படிம்மா இப்படி?"

"நான்தான் சார் பண்ணினேன்."

வகுப்பு மேடம் தேர்வாளரின் காதில் எதையோ கிசுகிசுத்தார். "இந்தப் பொண்ணுக்கு வெட்டவே வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களாமே." தேர்வாளர் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் வாசலைப் பார்த்தார்.  பாவாடை அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் போய் மாடலைக் குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். வாசல் வழியாக ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"நான் இல்லீங்க சார்."

"எப்படி நம்பறது?"

"நான் பண்ணியிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா இருக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து இலக்கியாவின் முன்னால் போட்டார்.

"எனக்கு நீ ஒரு படி வெட்டிக் காட்டு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

இலக்கியா பாவாடை அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயம் தேர்வாளரைப் பற்றியது இல்லை. எனக்குப் புரிந்தது. அவள் அட்டையை மறுபக்கம் திருப்பினாள். இடது கையால் கட்டரை எடுத்தாள்.

பாவாடை அண்ணனின் வாய் திறந்துவிட்டது. 'பாப்பா, அந்தக் கையில வாணாம்' என்று வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. கையும் நீண்டுவிட்டது. நான் பின்னாலிருந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். என்ன நினைத்தாரோ, இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டார்.

அவள் வெட்டினாள்.  கீற்றுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பக்கவாட்டுக் கீற்று இரண்டையும் நிறுத்தி, படிகளை ஒவ்வொன்றாக வைத்து ஒட்டினாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாதியிலேயே, "போதும்மா, போதும்" என்றார். அவள் நிறுத்தவில்லை. கடைசிப் படி வரைக்கும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

எல்லோரும் தேறினார்கள். ஒர்க்‌ஷாப் சாவியைப் பிரின்சிபால் அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தார். இனிமேல் கையை அடக்கி வைக்க வேண்டும் என்று ஒரு புத்திமதியும் கூடவே வந்தது.  பாவாடை அண்ணன் கதவைத் திறந்து உள்ளே போய், ரம்ப மிஷின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். நான் கூடவே போனேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"ஜன்னல்ல பாத்தேன்."

"ரெண்டு வருசமா அந்தக் கைய நான்தான் கட்டிப் போட்டு வெச்சிருந்தேன் அருளு. வராத கையில புடிக்க வெச்சி, ரத்தத்தையும் பாத்துட்டு, அப்பறம் உனக்கு வராதுன்னும் நானே சொல்லிக்கினு இருந்திருக்கேன்." துணியை உதறினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் அதே முகத்தில் சிரிப்பும் வந்தது. "இன்னா வெட்டு வெட்டுது பாத்தியா! என்னோடத வுட கம்மிதான். ஆனா வரும். இன்னும் நல்லா வரும்."

நான் கீழே கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். 

அப்போது வாசலில் இலக்கியா வந்து நின்றாள். உள்ளே வரலாமா கூடாதா என்கிற நிற்பு. கையில் இருந்த கட்டரைக் காட்டினாள்.

"அண்ணா, பிளேடு மழுங்கிடுச்சி. மாத்திக் குடுக்கறீங்களா?"

"கொண்டா."

அவர் பழைய பிளேடை உருவி டப்பாவில் போட்டார். புதிதாக ஒன்றை எடுத்துச் சொருகி, ஒரு துண்டு அட்டையில் இழுத்துப் பார்த்தார். அந்த அட்டையை முழுக்க வெட்டிவிடுவாரோ என்று நான் பார்த்தேன். வெட்டவில்லை. கட்டரை மூடி அவளிடம் நீட்டினார்.

அவள் வழக்கம்போல வலது கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"அந்தக் கை இல்ல பாப்பா," என்றார். "உன் கைய நீட்டு."